பேதியை நிறுத்தும் மாத்திரை

போன வாரம் பிரான்சிலிருந்து தம்பி போன் செய்தான். அடுத்த மாதம் வருகிறானாம். "அண்ணே, என்னென்ன வாங்கியாரணும்னு எழுதி அனுப்பு. மாத்திரை மருந்தும் சேத்து எழுது" என்றான்.

புதுச்சேரியில் பிரான்சு உறவு உள்ள வீடுகளுக்கு இது பழகிய கதை. கடுகு பாட்டில், சாக்லேட், சீஸ், சென்ட் இவற்றோடு பெட்டியின் ஓரத்தில் கொஞ்சம் மருந்தும் வரும். காய்ச்சலுக்கு, மூட்டு வலிக்கு, சளிக்கு, வயிற்றுப் போக்குக்கு. அதே மருந்து நம் ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஆனாலும் விமானம் ஏறி வந்த மாத்திரை என்றால் நமக்கு ஒரு தனி மரியாதை.

பட்டியல் எழுதினேன். வழக்கமாக எழுதுகிற ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். பேதியை நிறுத்தும் மாத்திரை. ('பேதி மாத்திரை' என்று எழுதினால் நம் ஊரில் அது எதிர்வேலை செய்கிற மாத்திரை என்பதால் நீட்டி எழுதுகிறேன்.) தம்பி கேட்டான், "ஏன் அண்ணே, அது வேணாமா?" "வேணாம்" என்றேன். அவனுக்குக் காரணம் தெரியும், அதனால் மேலே கேட்கவில்லை. உங்களுக்குச் சொல்லவேண்டும்.

சில வருடங்களுக்கு முன் மாசி மகத்தன்று நானும் என் மனைவியும் வைத்திக்குப்பம் போயிருந்தோம். நல்ல வெயில். தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்தோம், பானகம் குடித்தோம். வழியில் எதையோ வாங்கித் தின்றோம். எதனால் வந்தது என்று இப்போது சொல்ல முடியாது. எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஆரம்பித்தது. ஆறு மணிக்குள் ஐந்து தடவை போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் கும்பகோணத்தில் அவளுடைய அக்காள் பேத்திக்குக் கல்யாணம். பெண்ணுக்குப் பாட்டி முறை, போகாமல் இருக்க முடியாது. மூன்றரை மணி நேரப் பஸ் பயணம். பஸ்ஸில் போகும்போது வயிறு இப்படி இருந்தால் என்ன ஆவது என்பதுதான் அவள் கவலை, என் கவலையும் அதுதான்.

அலமாரி இழுப்பறையில் தம்பி கொண்டுவந்த பெட்டி இருந்தது. லோபெரமைடு, 2 மி.கி. நான்தான் எடுத்தேன், நான்தான் கொடுத்தேன். முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொரு தடவை போய்வந்த பிறகும் ஒன்று. இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம், தம்பி ஒரு தடவை சொல்லியிருந்தான். அன்று ராத்திரிக்குள் ஏழு மாத்திரை ஆகிவிட்டது. மறுநாள் காலை பஸ் ஏறுமுன் 'பாதுகாப்புக்கு' என்று இன்னும் இரண்டு. போக்கு நின்றுவிட்டது. "பாத்தியா, பிரான்சு மாத்திரை!" என்று நான் பெருமையடித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கடலூர் தாண்டும்போதே அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். வடலூரில் "குளுருதுங்க" என்றாள். மாசி மாத வெயிலில் குளிர் என்றால் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தினேன், அவ்வளவுதான் செய்தேன். சேத்தியாத்தோப்பு, அணைக்கரை என்று ஒவ்வொரு ஊரிலும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மண்டபத்தில் இலையில் உட்கார்ந்தவள் ஒரு வாய் எடுத்துவிட்டு எழுந்துவிட்டாள். சாயங்காலம் வாந்தி. புடவைக் கட்டு இறுக்குகிறது என்று தளர்த்திக் கட்டினாள். தொட்டுப் பார்த்தால் வயிறு மத்தளம் மாதிரி இருந்தது, உடம்பு கொதித்தது. போக்கு மட்டும் ஒரு சொட்டு இல்லை.

அந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ராத்திரி டூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர், எங்கள் பேத்தியைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றின் மேல் வைத்து வெகுநேரம் கேட்டாள். மார்பில் வைத்துக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன், வயிற்றில் இவ்வளவு நேரம் கேட்பதை அன்றுதான் பார்த்தேன். நல்ல வயிற்றில் எப்போதும் கடமுடா சத்தம் இருக்குமாம். இங்கே சத்தமே இல்லை.

"பாட்டி, போன் வாரம் இல்ல, நேத்து போனப்ப ரத்தம் இருந்துச்சா? சளி மாதிரி போச்சா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன். "அதை எப்படிங்க உங்ககிட்ட சொல்றது?" என்றாள். நாற்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். நானும் கேட்கவில்லையே என்பது அப்புறம்தான் தோன்றியது. எத்தனை தடவை என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆபீசில் வருகைப் பதிவேட்டில் கணக்குப் போடுவது போல.

எக்ஸ்ரேயில் குடல் முழுக்கக் காற்று நிரம்பி ஊதியிருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிப்போயிருந்தது. அதுவும் குடலை அசையவிடாதாம். வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய், கையில் சலைன், ஆன்டிபயாட்டிக் ஊசி. கல்யாணப் பெண் தாலி கட்டிய புடவையோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள். நான்காம் நாள் காலை என் மனைவி காற்றுப் பிரிந்தது என்று நர்ஸிடம் சொன்னாள். டாக்டர் பெண் கைதட்டாத குறை. அதற்காக ஒரு மனுஷி சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றுதான், நானும் பட்டேன்.

டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னது இது. குடல் புழு நெளிவதுபோல் அசைந்து உள்ளிருப்பதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. லோபெரமைடு அந்த அசைவை மந்தமாக்குகிறது, ஆசனவாய்த் தசையையும் இறுக்குகிறது. சாதாரண நீர்ப்போக்குக்கு அது உதவும். ஆனால் ரத்தமும் சளியும் காய்ச்சலுமாக வந்தால் அது சீதபேதி. கிருமி குடல் சுவரையே புண்ணாக்கியிருக்கிறது. அப்போது உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. நாம் கதவைச் சாத்தினால் கிருமி உள்ளேயே தங்கும். குடல் அசையாமல் நின்றுபோகலாம், பெருங்குடல் ஊதிப் பெருத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்றும் சொன்னாள். வெளியே போகவில்லை என்பதால் தண்ணீர் உடம்பில் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. ஊதிய குடலுக்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் ரத்தத்தில் இல்லாத தண்ணீர்தான். போக்கு நின்றுவிட்டது என்று நாம் நிம்மதியாக இருப்போம், ஆள் உள்ளே வற்றிக்கொண்டிருப்பார். "பி.பி. மாத்திரை போட்டாங்களா?" என்றும் கேட்டாள். போட்டிருந்தாள், அதுவும் சிறுநீரைக் கூட்டும் மருந்து கலந்த மாத்திரை. நான்தான் மறக்காமல் எடுத்துக் கொடுத்தேன்.

இனி நான் சொல்ல வெட்கப்படுகிற பகுதி.

என் பள்ளிப் படிப்பு முழுவதும் பிரெஞ்சில். 'டிக்தே' எழுதினால் இருபதுக்கு ஒரு பிழைக்கு நான்கு மதிப்பெண் போகும். ஐந்தாவது பிழையில் சுழியம். அப்படி வளர்ந்தவன். பிறகு அரசாங்க குமாஸ்தாவாகி, இங்கிலீஷையும் ஆபீசிலேயே கற்றுக்கொண்டேன். ஆனாலும் ஆபீசில் என் மதிப்பு அந்தப் பிரெஞ்சால்தான். பழைய 'எத்தா சிவில்' பதிவுகள், நோத்தேர் பத்திரங்கள் எது வந்தாலும் என் மேஜைக்கு வரும். ஓய்வு பெற்ற பிறகும் நம் பகுதி சொல்தா குடும்பங்கள் பென்ஷன் கடிதம் வந்தால் என்னிடம்தான் எடுத்து வருவார்கள். கடைசி வரி, அடிக்குறிப்பு வரை படித்துத்தான் சொல்வேன். பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கும் என்று மற்றவர்களுக்குப் பாடம் வேறு நடத்துவேன்.

கும்பகோணத்திலிருந்து திரும்பி வந்த அன்று ராத்திரி இழுப்பறையைத் திறந்தேன். மாத்திரைப் பெட்டிக்குள் நோத்தீஸ் மடித்தபடியே இருந்தது. மடிப்புக் கலையவில்லை. வீட்டில் அதைப் படிக்கக் கூடியவன் நான் ஒருவன்தான். விரித்து வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். எல்லாம் இருந்தது. மலத்தில் ரத்தம் இருந்தாலோ கடும் காய்ச்சல் இருந்தாலோ சாப்பிடாதே. வைத்தியர் சொல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாதே. வயிறு உப்பினால், மலம் கட்டினால் உடனே நிறுத்து. தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் கொடுத்துக்கொண்டே இரு. நல்ல, சுத்தமான பிரெஞ்சு. ஒரு பிழை இல்லை.

அதற்கப்புறம் அந்த மாத்திரையைப் பற்றி எங்கே என்ன கிடைத்தாலும் படிக்க ஆரம்பித்தேன். இதை உருவாக்கியது பெல்ஜியத்தில் பீர்சே என்ற ஊரில், பால் யான்செனின் ஆய்வுக்கூடம், 1969இல். அபின் குடும்பத்து மருந்து இது என்று படித்தபோது சிறுவயது ஞாபகம் ஒன்று வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து மருந்துக் கடையில் வயிற்று வலிக்கு 'எலிக்சீர் பரேகோரிக்' என்று ஒன்று தருவார்கள். சோம்பு வாசனை அடிக்கும், தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும். அம்மா சொட்டு எண்ணிக் கொடுப்பாள். குடித்தால் வலியும் போகும், தூக்கமும் வரும். அதில் அபின் கலந்திருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். லோபெரமைடு அபினைப்போல் குடலைப் பிடித்து நிறுத்தும், ஆனால் மயக்கம் தராது. மூளைக்குள் நுழையப் பார்த்தால் அங்கே காவல் இருக்கும் ஒரு புரதம் அதை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் சீட்டில்லாமல் விற்க முடிகிறது.

அளவு மீறினால் கதை வேறு. அமெரிக்காவில் போதைப் பழக்கம் உள்ளவர்கள் சிலர் இதைப் பெருமளவில் விழுங்க, இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள் உண்டு. 2016இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. தானாக வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே ஒரு நாள் வரம்பு 8 மி.கி., அதாவது நான்கு மாத்திரை. நான் கொடுத்தது ஒரே நாளில் ஏழு. நம்மில் யாரும் போதைக்காகச் சாப்பிடப் போவதில்லை. ஆனால் இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டே, அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பூஞ்சைத் தொற்றுக்குச் சாப்பிடும் சில மருந்துகளும் இதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். பாகிஸ்தானில் இதைச் சொட்டு மருந்தாகக் கொடுத்து, குடல் செயலிழந்து கைக்குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 1990இல் அது வெளியே தெரிந்தபின் சொட்டு மருந்தைத் தயாரித்தவர்களே திரும்பப் பெற்றார்கள். இரண்டு வயதுக்குக் கீழ் இந்த மருந்து கூடவே கூடாது. பேரப்பிள்ளைக்கு 'பாதி மாத்திரை' உடைத்துக் கொடுக்கும் பாட்டிகள் நம் தெருவிலேயே உண்டு, அதனால் எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு வேறு சில தொல்லைகள். கடற்கரைச் சாலையில் காலையில் என்னோடு நடக்கும் நண்பர் ஒருவருக்குப் ப்ராஸ்டேட் வீக்கம் உண்டு. ராமேஸ்வரம் போகும்போது ரயிலில் நான்கு மாத்திரை போட்டிருக்கிறார். வயிறு நின்றது, கூடவே சிறுநீரும் நின்றுவிட்டது. மதுரையில் இறங்கி டியூப் போட வேண்டியதாயிற்று. இந்த மருந்தால் அரிதாக அப்படியும் ஆகும் என்று நோத்தீஸில் பின்னால் ஒரு மூலையில் போட்டிருக்கிறது. தலைச்சுற்றலும் வரலாம். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகிறவர்களுக்குத் தலைச்சுற்றல் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியதில்லை.

டாக்டர் பெண் டிஸ்சார்ஜ் அன்று சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. வயதானவர்களுக்கு நாள்கணக்கில் மலம் கட்டி உள்ளே இறுகிக் கிடக்கும். அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்து வரும். வீட்டில் அதைப் பார்த்துப் பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரையைக் கொடுப்பார்கள். உண்மையில் அது மலச்சிக்கல், நேர் எதிர் வைத்தியம் தேவை. படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். அதேபோல் சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே வயிறு இளகிப் போவதுண்டு. அதற்கு மேல் இன்னொரு மாத்திரையைப் போட்டு நிறுத்துவதற்குப் பதில், சர்க்கரை டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்த மாத்திரை விஷம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் நீர்ப்போக்கு, பெரியவர், ஒரு நாள் பயணம் என்றால் இரண்டொரு மாத்திரை தப்பில்லை என்றுதான் டாக்டரும் சொன்னாள். கடையில் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது நோத்தீஸ் வராது. கத்தரித்ததில் பெயர்கூடப் பாதிதான் இருக்கும். அதுதான் சங்கடம்.

எங்கள் வீட்டில் இப்போது முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல்தான். பொட்டலம் நாலைந்து எப்போதும் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம், முழுவதும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும், அரைப் பொட்டலம் அரை டம்ளர் என்று கண்திட்டம் கூடாது. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. இதைப் படிக்கும்போது உங்களில் பாதிப் பேர் "எனக்குச் சர்க்கரை வியாதியாச்சே" என்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. அது ருசிக்காகப் போட்டதல்ல, குடல் சுவரில் உப்பைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போவது அந்தக் குளுக்கோஸ்தான், உப்போடு தண்ணீரும் போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா வந்து, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் இறந்தார், அடுத்த வருடம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

நோத்தீஸைத் தமிழில் மொழிபெயர்த்து, ஆபீஸ் குறிப்புபோல எண் போட்டு எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். முதலில் எழுதியதைப் பார்த்துவிட்டு என் மனைவி "எழுத்து எறும்பாட்டம் இருக்கு, யாரு படிக்கறது?" என்றாள். பெரிய எழுத்தில் இன்னொரு தடவை எழுதினேன். இப்போது வயிறு சரியில்லை என்றால் அவளே வந்து சொல்கிறாள், நிறம் உட்பட. சில சமயம் நான் காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்கிறாள். கேட்டுக்கொள்கிறேன்.

தம்பிக்குப் பட்டியல் போய்விட்டது. கடுகு இரண்டு பாட்டில், பேத்திக்குக் கலர் பென்சில், என் மனைவிக்கு மூட்டு வலிக் களிம்பு ஒன்று. பெட்டியில் இடம் மிச்சம் பிடிக்க அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குழாயை மட்டும் கொண்டு வருகிற பழக்கம் அவனுக்கு உண்டு. களிம்பை அட்டையோடு, உள்ளே இருக்கும் காகிதத்தோடு கொண்டுவா என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.